மூளை செல் வகைகளை மூன்று பாலூட்டிகளுக்கிடையே ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சேலத்தில் விலங்கியலும் உயிரித் தொழில்நுட்பமும் படிக்கும் முதுகலை மாணவர்கள் புராஜெக்ட் சமயத்தில் என்னிடம் கொண்டுவரும் படம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். திரை முழுக்க வண்ணப் புள்ளிகள், மூன்று தீவுகளாகப் பிரிந்து கிடக்கும். ஒன்று மனிதன், ஒன்று மார்மோசெட் குரங்கு, ஒன்று சுண்டெலி. "சார், மனுஷ மூளையில எல்லா செல்லுமே தனி வகையா வந்திருக்கு" என்பார்கள். அப்படி வர வாய்ப்பே இல்லை. ஜீன் பெயர் வேறு, ஆய்வகம் வேறு, செல்லைப் பிரித்த முறை வேறு என்பதால் மென்பொருள் அவற்றை உயிரினம் வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் படத்தில் போய் நிற்காமல் இருக்க நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை கீழே. ஒற்றை செல் ஆர்என்ஏ தரவு (ஒவ்வொரு செல்லிலும் எந்த ஜீனின் ஆர்என்ஏ எவ்வளவு என்ற எண்ணிக்கை) என்றால் என்ன, ஸ்கேன்பையிலோ சூராவிலோ ஒரு கோப்பைத் திறப்பது எப்படி என்ற அளவு தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அது தெரியாதவர்கள் ஏதாவது ஒரு சுண்டெலித் தரவை வைத்து அந்த மென்பொருளின் தொடக்கப் பாடத்தை முடித்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் இரண்டாம் படியிலேயே சலித்துப்போகும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணினி. 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் முழுத் தரவும் ஏறாது. இலவச கூகுள் கோலாபில் சுமார் 12 ஜிபி கிடைக்கும். அதிலும் மூன்று உயிரினங்களையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் நின்றுவிடும். ஒவ்வொன்றாக ஏற்றி, தேவையான செல்களை மட்டும் வெட்டி எடுத்துத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கோலாப் சொல்லாமல் கொள்ளாமல் துண்டிக்கும். ஆகவே ஒரு படி முடிந்ததும் டிரைவில் ஒரு பிரதி.

இணையம். கோப்புகள் பல ஜிபி. ஏற்காட்டில் தங்கிப் படிப்பவர்கள் மழைநாளில் மேலே உட்கார்ந்துகொண்டு இறக்கப் பார்க்க வேண்டாம். கீழே கல்லூரிக்கு வரும் நாளில் இறக்கிக்கொள்ளுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். வீகெட்டில் அந்த வசதி உண்டு. இறக்கிய பின் கோப்பின் அளவைத் தளத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒத்துப் பாருங்கள். உரைக் கோப்பாக இருந்தால் பாதி இறங்கியது கூட எந்தப் பிழையும் காட்டாமல் திறந்துகொள்ளும். பாதி செல் காணாமல் போனது கடைசிவரை தெரியாது.

தரவு. பழகுவதற்கு முதன்மை இயக்கப் புறணித் தரவை எடுங்கள். மனிதன், மார்மோசெட், சுண்டெலி மூன்றிலும் உடலசைவை ஆளும் அதே பகுதியை, ஒத்த முறையில், உட்கரு உட்கருவாகப் படித்து 2021-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மொத்தம் 4,50,000-க்கும் மேற்பட்ட உட்கருக்கள். ஆலன் மூளை ஆய்வு நிறுவனத்தின் தளத்திலும் நீமோ ஆவணக் காப்பகத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. விடை ஏற்கெனவே அச்சில் இருப்பதுதான் இதில் வசதி: நீங்கள் செய்தது சரியா தவறா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முதல் முறையே யாரும் தொடாத விலங்கை எடுத்தால், பிழை உங்களுடையதா விலங்கின் இயல்பா என்று சொல்ல ஆள் கிடையாது.

## 2. கேள்வியைச் சுருக்குங்கள், கிளைப்படம் வரையுங்கள்

"மனித மூளை எப்படிப் பரிணமித்தது" என்பது புராஜெக்ட் கேள்வி ஆகாது. மூளையில் ஒரு பகுதி, ஒரு செல் குடும்பம், மூன்று உயிரினம். இந்த வழிகாட்டி முழுக்க நான் எடுத்துக்கொள்வது: இயக்கப் புறணியில் உள்ள தடுப்பு நியூரான்கள் (மற்ற நியூரான்களை அடக்கிவைப்பவை) இந்த மூன்று உயிரினங்களிலும் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்துகின்றன?

தடுப்பு நியூரானை எடுக்கக் காரணம் உண்டு. தூண்டும் நியூரான்களைவிட இவை உயிரினங்களுக்கிடையே குறைவாகவே மாறியிருக்கின்றன. குடும்பப் பெயர்கள் தெளிவாக இருக்கின்றன. எண்ணிக்கையும் குறைவு என்பதால் கோலாபில் அடங்கும்.

அப்புறம் ஒரு தாளில் கிளைப்படம் வரையுங்கள். கணினியில் வேண்டாம், பேனாவால். மனிதனும் மார்மோசெட்டும் பிரிந்து சுமார் 4 கோடி ஆண்டுகள்; இந்த இருவரும் சுண்டெலியிலிருந்து பிரிந்து சுமார் 9 கோடி ஆண்டுகள். இரண்டு உயிரினங்களை மட்டும் ஒப்பிட்டால் வேறுபாடு இருப்பது தெரியும். மாறியது யார் என்பது தெரியாது. அதற்கு இரண்டுக்கும் வெளியே உள்ள கிளையிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். மனிதனுக்கும் மார்மோசெட்டுக்கும் இடையே வேறுபாடு கண்டால் சுண்டெலி சாட்சி. குரங்கினத்துக்கும் (மனிதனும் இதில் சேர்த்தி) சுண்டெலிக்கும் இடையே வேறுபாடு கண்டால்? மார்மோசெட் உதவாது, அது குரங்குத் தரப்பு ஆள். இந்த இடத்தில்தான் ஆய்வேடுகள் பல தடுமாறுகின்றன.

ஏற்காடு மலைப்பாதையில் ஏறி இறங்கினாலே இந்தக் கிளைகள் கண்ணில் படும். கொண்டை ஊசி வளைவில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்டுக் குரங்கு நம் கிளை. மரத்தில் ஓடும் அணில், சுண்டெலியோடு சேர்ந்த கொறிக்கும் கிளை. சேர்வராயன் மலையில் காணப்படும் மூங்கில் அணத்தான் பார்வைக்கு அணில் மாதிரி இருந்தாலும் அணில் இல்லை. மர மூஞ்சூறு இனம். இவை மூன்றும் ஒரே பெருங்கிளையில் அடங்கும். அடிவாரத்தில் மேயும் ஆடு மாடும், பன்றியும், நாயும், வௌவாலும் வேறொரு பெருங்கிளை. குரங்கா சுண்டெலியா என்ற வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியது இந்த இரண்டாம் கிளைதான்.

இதைச் சொன்னதும் யாராவது ஒருவர் கேட்பார்: "சார், கறிக்கடையில ஆட்டு மூளை கிடைக்குதே, அதையே படிச்சுடலாமா?" ஆசை நல்லதுதான். ஆனால் கடையில் மணிக்கணக்கில் வெயிலில் இருந்த மூளையில் ஆர்என்ஏ சிதைந்து போயிருக்கும். அறுத்த கையோடு உறையவைத்து -80 டிகிரி ஃப்ரீசரில் வைக்க ஏற்பாடு இருந்தால் மட்டும் பேசலாம். நாட்டுக் குரங்கையும் அணத்தானையும் பற்றிப் பேச்சே வேண்டாம். காட்டு விலங்கு, சட்டம் இருக்கிறது. பன்றி, ஃபெரட் (நாய்ப் பக்கத்துச் சிறிய ஊனுண்ணி விலங்கு) தரவுகள் வெளியாகியிருக்கின்றன. அவற்றைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

## 3. தரவைச் சுத்தம் செய்யுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது, கோப்பில் இருப்பவை முழு எண்களா என்பது. சில தளங்களில் ஏற்கெனவே சமன்படுத்தி மடக்கை எடுத்த எண்களைப் போட்டிருப்பார்கள். ஒரு நூறு செல்லை எடுத்து அச்சிட்டுப் பாருங்கள். 0, 1, 3, 12 என்று வந்தால் சரி, 0.69, 1.38 என்று வந்தால் அது மூல எண்ணிக்கை இல்லை. அதையே மறுபடி சமன்படுத்தினால் அப்புறம் வரும் ஒரு எண்ணையும் நம்ப முடியாது.

அடுத்தது, முழு செல்லா உட்கருவா. மனித மூளைத் திசு பெரும்பாலும் உறைந்த நிலையில் கிடைப்பதால் உட்கருவைத்தான் படிக்கிறார்கள். சுண்டெலியில் இரண்டு விதமும் உண்டு. இயக்கப் புறணிக்கே இரண்டு விதக் கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். உட்கருக் கோப்பை எடுங்கள். முழு செல்லைப் பிரித்தெடுக்கும்போது சில நியூரான்கள், முக்கியமாக பிவால்ப் குடும்பம் (அடையாள ஜீனின் பெயரால் அழைக்கப்படும் தடுப்பு நியூரான் குடும்பங்களில் ஒன்று), அதிகமாகச் செத்துப்போகும். பிரிக்கும் சூட்டில் சில அவசர ஜீன்கள் விழித்துக்கொள்ளும். மனித உட்கருவையும் சுண்டெலி முழு செல்லையும் ஒப்பிட்டுவிட்டு அந்த வேறுபாட்டைப் பரிணாமம் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, இரட்டைச் செல்கள். உட்கருக்களை ஒவ்வொன்றாகச் சிறு துளிகளில் அடைத்துத்தான் படிக்கிறார்கள். ஒரே துளியில் இரண்டு உட்கரு மாட்டினால் கணினிக்கு அது ஒரு செல். தூண்டும் நியூரானின் அடையாள ஜீனான எஸ்எல்சி17ஏ7-உம் தடுப்பு நியூரானின் கேட்1-உம் ஒரே செல்லில் ஓங்கித் தெரிந்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும். ஸ்க்ரப்லெட் போன்ற கருவி கண்டுபிடித்துத் தரும். அதை உயிரினம் வாரியாக, மாதிரி வாரியாகத் தனித்தனியே ஓட்டுங்கள். எல்லாவற்றையும் கொட்டி ஓட்டினால் அர்த்தமில்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நீக்கவும் கூடாது. தடுப்பு நியூரான்களில் எல்ஹெச்எக்ஸ்6 என்ற ஜீன் ஒரு பாதிக்கும் அடார்ப்2 என்ற ஜீன் மறு பாதிக்கும் அடையாளம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் இரட்டைச் செல் என்று தூக்கிப் போடத் தோன்றும். லாம்ப்5 குடும்பத்திலோ எல்ஹெச்எக்ஸ்6-ஐயும் வெளிப்படுத்தும் ஒரு வகை நிஜமாகவே இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது? இரட்டை என்றால் மொத்த மூலக்கூறு எண்ணிக்கை மற்றவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருக்கும். இரண்டு பெற்றோர் வகைகளிலும் இல்லாத சொந்த ஜீன் எதுவும் இருக்காது. நிஜ வகைக்குச் சொந்த ஜீன் இருக்கும்.

நான்காவது, கசிந்த ஆர்என்ஏ. உடைந்த செல்களிலிருந்து வழிந்த ஆர்என்ஏ எல்லாத் துளியிலும் கொஞ்சம் கலந்திருக்கும். மூளையில் பெரும்பகுதி நியூரானிலிருந்து வருவதால் கிளையா செல்களில் (நியூரானுக்குத் துணை நிற்கும் செல்கள்) நியூரான் ஜீன் தெரியும். 2022-இல் நியூரான் இதழில் வந்த ஓர் ஆய்வு, முன்பு முதிராத ஒலிகோடென்ட்ரோசைட் (கிளையாவில் ஒரு வகை) என்று பெயரிடப்பட்ட சில கூட்டங்கள் இந்தக் கசிவால் உண்டான தோற்றமே என்று காட்டியது. கசிவை நீக்க செல்பெண்டர் என்ற கருவி உதவும். மூன்று உயிரினங்களுக்கும் ஒரே அமைப்பில் ஓட்டுங்கள். ஒன்றில் மட்டும் கசிவை நீக்கினால் அந்த நீக்கமே ஒரு போலி வேறுபாடாகிவிடும்.

## 4. ஒவ்வொரு உயிரினத்தையும் தனியாக வகைப்படுத்துங்கள்

எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இது. மூன்றையும் கலந்து, கலந்ததை வகைப்படுத்துவது வேகமானது. கேள்வியை விழுங்கிவிடுவதும் அதுதான். சேர்க்கும் கருவிகளின் வேலை ஒத்தவற்றைக் கண்டுபிடிப்பது. ஒத்தது இல்லாதபோதும் எதையாவது பிடித்து ஒட்டிவிடும். கலப்பதற்கு முன்பே "மனிதனில் இவை, மார்மோசெட்டில் இவை, சுண்டெலியில் இவை" என்று மூன்று பட்டியல் உங்களிடம் இருந்தால்தான் கருவி எங்கே இழுத்துப்பிடித்து ஒட்டியது என்று தெரியும்.

மேலிருந்து கீழே போங்கள். முதலில் தூண்டும் நியூரான், தடுப்பு நியூரான், நியூரான் அல்லாதவை. பிறகு தடுப்பு நியூரானை மட்டும் எடுத்து பிவால்ப், எஸ்எஸ்டி, விஐபி, லாம்ப்5 குடும்பங்கள். அதற்கும் கீழே நுண்வகைகள். நுண்வகையில் நிதானம் வேண்டும். ஒரு கொத்தில் இருக்கும் உட்கருக்கள் ஒரே நன்கொடையாளரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் அதற்கு வகை என்று பெயர் சூட்டாதீர்கள். மனித மூளைத் தரவில் நன்கொடையாளர்கள் சிலரே. ஒருவருடைய வயது, நோய், இறந்து எத்தனை மணி நேரம் கழித்துத் திசு எடுத்தார்கள் என்பதெல்லாம் கொத்தாக வந்து உட்காரும்.

எத்தனை வகை வர வேண்டும் என்பதற்கு அந்த இயக்கப் புறணி ஆய்வே அளவுகோல். மனிதனில் 127, மார்மோசெட்டில் 94, சுண்டெலியில் 116 கொத்துகள். மூன்றுக்கும் பொதுவாக நம்பிச் சொல்ல முடிந்தது 45 வகை: தடுப்பு 24, தூண்டும் 13, நியூரான் அல்லாதவை 8. இவ்வளவு கணினியும் ஆளும் வைத்துச் செய்தவர்களே நூற்றுச் சொச்சத்தை 45-க்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உங்கள் ஆய்வேட்டில் மூன்று உயிரினத்துக்கும் பொதுவாக 110 வகை வந்திருக்கிறது என்றால் எங்கேயோ அளவுக்கு மீறி நறுக்கியிருக்கிறீர்கள்.

## 5. ஜீன் பட்டியலை ஒன்றாக்குங்கள்

இந்தப் படியில் கெட்டுப்போவது கடைசிவரை வெளியே தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனித ஜீன் பெயரை முழுக்கப் பெரிய எழுத்திலும், சுண்டெலி ஜீன் பெயரை முதல் எழுத்தை மட்டும் பெரிதாகவும் எழுதுவது வழக்கம். உடனே மாணவர்கள் செய்வது, சுண்டெலிப் பெயர்களை எல்லாம் பெரிய எழுத்தாக்கி மனிதப் பட்டியலோடு இணைத்துவிடுவது. ஒரே வரி நிரல், பெரும்பாலான ஜீன் பொருந்தியும் விடும். பொருந்தாத சிலதில்தான் சிக்கல். நியூரோகைனின் பி என்ற நரம்புப் புரதத்தைத் தரும் ஜீனுக்கு மனிதனில் டிஏசி3 என்று பெயர். சுண்டெலியில் அதே ஜீனுக்கு டிஏசி2 என்று பெயர். எழுத்தை மட்டும் மாற்றி இணைத்தால் மனித டிஏசி3 துணையில்லாமல் நிற்கும், "சுண்டெலியில் இந்த ஜீனே இல்லை" என்று முடிவு வரும். இது சும்மா ஓர் உதாரணம் இல்லை என்பதை எட்டாம் படியில் பார்ப்பீர்கள்.

செய்ய வேண்டியது: என்செம்பல் என்ற ஜீன் தரவுத்தளத்தின் பயோமார்ட்டில் மனிதன்–மார்மோசெட், மனிதன்–சுண்டெலி இணை ஜீன் (ஒரே மூதாதை ஜீனிலிருந்து வந்தவை) அட்டவணைகளை இறக்குங்கள். இரண்டையும் ஒரே பதிப்பிலிருந்து எடுங்கள். பெயரை வைத்து இணைக்காமல் என்செம்பல் அடையாள எண்ணை வைத்து இணையுங்கள். "ஒன்றுக்கு ஒன்று" என்று குறித்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனிதனுக்கும் சுண்டெலிக்கும் மட்டும் இப்படி 15,000-க்கு மேல் கிடைக்கும். உயிரினம் கூடக் கூடப் பட்டியல் குறையும்.

குறைந்தவை எவை என்று ஒரு முறை கண்ணால் பாருங்கள். ஒரு கிளையில் இரட்டித்துப் பெருகிய ஜீன்கள் இந்த வடிகட்டலில் போய்விடும். பரிணாமத்தில் சுவாரசியமானவையும் பல நேரம் அவைதான். அவற்றைத் தூக்கி எறியாமல் தனிக் கோப்பில் வையுங்கள்; வகைகளைப் பொருத்தி முடித்த பின் அவற்றை எடுத்துப் பார்க்கலாம். தூரத்து உயிரினங்கள் என்றால் சாமேப் என்ற கருவி ஒன்றுக்குப் பல உறவையும் கணக்கில் எடுக்கும். மனிதன், மார்மோசெட், சுண்டெலிக்கு அது தேவைப்படாது.

இந்த அட்டவணையை எக்ஸெலில் திறந்து சேமிக்காதீர்கள். சில ஜீன் பெயர்களை அது தேதி என்று நினைத்து மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் செப்டம்பர், மார்ச் மாதம் போலத் தெரிந்த மனித ஜீன் பெயர்களையே பெயர்க்குழு 2020-இல் மாற்றியது. பழைய தரவுகளில் பழைய பெயர்கள் அப்படியே இருக்கின்றன.

இன்னொன்று, நுட்பமானது. பரவலாகப் பயன்படும் துளி முறை, ஆர்என்ஏவின் வால்முனையை மட்டும்தான் எண்ணும். மனித, சுண்டெலி மரபணு வரைபடங்களில் ஜீன்களின் வால்முனை நன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. மற்ற விலங்குகளில் அப்படி இல்லை. ஜீன் முடியும் இடத்துக்கு முன்பே வரைபடம் நிறுத்திவிட்டால், அதற்கு அப்பால் விழும் வாசிப்புகள் (படித்த ஆர்என்ஏ துண்டுகள்) எந்தக் கணக்கிலும் சேராது; ஜீன் 0 என்று காட்டும். ஆகவே மார்மோசெட்டில் ஒரு முக்கிய ஜீன் "இல்லை" என்று வந்தால், வாசிப்புகள் விழுந்த இடத்தை மரபணு உலாவியில் திறந்து பாருங்கள். ஜீன் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி வாசிப்புகள் குவிந்து கிடந்தால் ஜீன் இருக்கிறது, வரைபடம்தான் குட்டை.

## 6. இப்போது சேருங்கள்

சேர்க்கும் முன் எண்ணிக்கையைச் சமன் செய்யுங்கள். சுண்டெலியில் ஒரு வகைக்கு 5,000 உட்கரு, மனிதனில் அதே வகைக்கு 200 என்றால் சுண்டெலிதான் பேசும். நான்காம் படியில் எடுத்த வகைப்பட்டியலை வைத்து, ஒவ்வொரு வகையிலும் அதிகபட்சம் இத்தனை என்று குலுக்கலில் எடுத்துக்கொள்ளுங்கள். அரிய வகையை வெட்டாமல் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கும் கருவிகள் நிறைய. வேகமும் எளிமையும் வேண்டுமென்றால் ஹார்மனி. கொஞ்சம் பொறுமையும் ஜிபியு வசதியும் இருந்தால் எஸ்சிவிஐ. ஆர் மொழியில் பழகியவர்களுக்கு சூராவின் சேர்ப்பு முறை. என் பழக்கம், இரண்டு கருவியில் செய்து, இரண்டிலும் நிற்கும் பொருத்தத்தை மட்டும் எழுதச் சொல்வது. ஒரே கருவியில் மட்டும் வந்ததைப் பின்னிணைப்புக்கு அனுப்புங்கள்.

சேர்ப்பில் என்ன நடக்கிறது என்பதற்கு மாங்காய் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தோப்புச் சரக்கை ஒன்றாகக் கொட்டினால் முதலில் கண்ணில் படுவது தோப்பின் மண்ணும் தூசியும். குண்டு மாங்காயா மல்கோவாவா என்பது துடைத்த பின்தான் தெரியும். சேர்ப்புக் கருவி அந்தத் தூசியைத் துடைக்கிறது. அழுத்தித் துடைத்தால் தோலோடு போய்விடும்.

எவ்வளவு அழுத்துகிறது என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது, பலர் செய்வதில்லை. சுண்டெலித் தரவிலிருந்து விஐபி குடும்பத்தை வேண்டுமென்றே முழுக்க நீக்குங்கள். மறுபடி சேருங்கள். மனித விஐபி செல்கள் துணையின்றித் தனியே நின்றால் கருவி நேர்மையாக வேலை செய்கிறது. அவை சுண்டெலியின் லாம்ப்5 கூட்டத்தோடு போய் ஒட்டிக்கொண்டால் கருவி அளவுக்கு மீறி இழுக்கிறது, அமைப்பைத் தளர்த்துங்கள். இந்தச் சோதனை இல்லாமல் "எல்லா வகையும் மூன்றிலும் உண்டு" என்று எழுதினால், அந்த முடிவு உங்களுடையதா கருவியுடையதா என்று வைவாவில் கேட்பார்கள். கேட்க வேண்டும்.

## 7. பொருத்தத்தை எண்ணால் சோதியுங்கள்

வண்ணப் புள்ளிப் படம் ஆதாரம் ஆகாது. இரு பரிமாணத்தில் நசுக்கிய படத்தில் பக்கத்தில் இருப்பது நிஜத்திலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மெட்டாநெய்பர் கருவி ஒவ்வொரு செல் வகை ஜோடிக்கும் 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு மதிப்பெண் தரும். 0.5 என்றால் குருட்டாம்போக்கு, 0.9-க்கு மேல் என்றால் நம்பலாம். முதலில் ஒரே உயிரினத்துக்குள், ஒரு நன்கொடையாளருக்கும் இன்னொருவருக்கும் இடையே ஓட்டுங்கள். அங்கேயே ஒரு வகை தடுமாறினால் உயிரினம் தாண்டி அதைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை. அப்புறம் இரு திசையிலும் பாருங்கள்: மனித வகைக்குச் சிறந்த துணை எது, அந்தத் துணைக்குச் சிறந்தது எது. இரண்டும் ஒன்றையொன்று காட்ட வேண்டும்.

எந்த ஜீன்களை வைத்துப் பொருத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். செல்லின் வேலையைச் செய்யும் ஜீன்கள், அதாவது ஏற்பிகளும் அயனி வாயில்களும், எளிதில் மாறும். 2019-இல் மனிதப் புறணியைச் சுண்டெலியோடு ஒப்பிட்ட ஆய்வில், பொருந்தும் வகைகளிலேயே செரோட்டோனின் ஏற்பிகள் பெரிதும் மாறியிருந்தன. மனநோய் மருந்துகளைச் சுண்டெலியில் சோதிப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. செல்லின் அடையாளத்தைக் கட்டிக் காக்கும் கட்டுப்பாட்டு ஜீன்கள் மெதுவாக மாறுகின்றன. பரம்பரை உறவைச் சொல்ல அவற்றை நம்புங்கள். வேறுபாட்டைச் சொல்ல ஏற்பிகளைப் பாருங்கள். எல்லா ஜீனையும் ஒரே பையில் போட்டால் இரண்டும் குழம்பும்.

## 8. "புதிய வகை" என்று எழுதும் முன்

துணையில்லாத ஒரு கொத்து கிடைத்தால் மாணவருக்கு மட்டுமல்ல, வழிகாட்டிக்கும் கை பரபரக்கும். அந்த நேரத்தில் படிக்க வேண்டிய கதை இது.

2020-இல் நேச்சரில் வந்த ஆய்வு, மனிதன், ரீசஸ் குரங்கு, மார்மோசெட், ஃபெரட், சுண்டெலி ஆகியவற்றின் தடுப்பு நியூரான்களை ஒப்பிட்டது. மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டம் பகுதியில், டிஏசி3 ஜீனை வெளிப்படுத்தும் ஒரு வகை குரங்கினத்தில் இருந்தது. சுண்டெலியிலும் ஃபெரட்டிலும் தென்படவில்லை. குரங்கினத்துக்கே உரிய புதிய வகை என்று பேசப்பட்டது. கவனமாகச் செய்த, தரமான ஆய்வு அது.

பிறகு 2025-இல் வந்த ஆய்வு வளரும் பன்றி மூளையையும் வளரும் ஃபெரட் மூளையையும் எடுத்தது. அதாவது இரண்டாம் பெருங்கிளைச் சாட்சிகள். அங்கே அந்த வகையின் ஆரம்ப வடிவம் இருந்தது, புறணிப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் சுண்டெலியில் மறுபடி தேடினார்கள். ஸ்ட்ரையாட்டத்தின் ஒரு மூலையில் டிஏசி2 வெளிப்படுத்தும் அரிய கூட்டம் அகப்பட்டது. ஏற்கெனவே வேறு பெயரில், டிஹெச் நியூரான் என்று, அறியப்பட்ட வகையின் ஒரு பகுதிதான் அது. வகை பழையது, இடமும் அளவும் ஜீன்களும்தான் கிளைக்குக் கிளை மாறியிருக்கின்றன.

இதிலிருந்து உங்களுக்கான கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகை அரிதாக இருந்தால், அதைப் பிடிக்கும் அளவு செல்களை எடுத்தீர்களா? பக்கத்துப் பகுதியில் தேடினீர்களா? எல்ஹெச்எக்ஸ்6 வெளிப்படுத்தும் அந்த லாம்ப்5 வகை குரங்கினப் புறணியில் ஏராளம். சுண்டெலிப் புறணியில் அரிது. சுண்டெலியின் ஹிப்போகாம்பஸில் (நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதி) அதன் உறவுகள் நிறைய இருக்கின்றன. புறணியை மட்டும் பார்த்தவருக்கு அது புதிது போலத் தோன்றும். வளரும் பருவத் தரவைப் பார்த்தீர்களா? முதிர்ந்த செல்லில் மறைந்துபோன உறவு கருவில் தெளிவாக இருக்கலாம். ஜீன் பெயர் சரியாக இணைந்ததா? வரைபடத்தின் வால்முனை சரியா? இந்த ஐந்தில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் "இந்தத் தரவில் துணை கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். "புதிய வகை" என்று எழுதாதீர்கள்.

விழித்திரையிலும் இதே பாடம் உண்டு. குரங்கினத்தின் கூர்மையான பார்வைக்குக் காரணமான மிட்ஜெட் செல்களுக்குச் சுண்டெலியில் இணையே இல்லை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2023-இல் 17 முதுகெலும்பிகளின் விழித்திரையை ஒப்பிட்ட ஆய்வு, சுண்டெலியின் ஆல்ஃபா செல்களே அவற்றின் உறவு என்று காட்டியது. உருவத்தில் துளியும் ஒற்றுமை கிடையாது: ஒன்று சிறியது, எண்ணிக்கையில் மிக அதிகம், மற்றொன்று பெரியது, குறைவு. அந்த 17-இல் மர மூஞ்சூறும் ஒன்று. நம் மலை அணத்தானின் தூரத்து உறவு என்பதால் எனக்கு அந்தத் தரவு மேல் தனிப் பிரியம். விழித்திரையில் வேலை செய்ய விரும்புகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். செல் பெருவகைகள் தெளிவாகப் பிரிந்திருப்பதால் புறணியைவிட அது எளிது.

## 9. விகிதத்தைக் கடைசியில் எடுங்கள்

வகைகள் பொருந்திய பின்புதான் "எந்த உயிரினத்தில் எது அதிகம்" என்று கேட்க முடியும். இயக்கப் புறணியில் தூண்டும் நியூரானுக்கும் தடுப்பு நியூரானுக்கும் உள்ள விகிதம் சுண்டெலியில் 5-க்கு 1, மார்மோசெட்டில் 3-க்கு 1, மனிதனில் 2-க்கு 1. உங்கள் கணக்கு இதற்கு அருகில் வரவேண்டும்.

ஆறாம் படியில் சமன் செய்த தரவில் விகிதம் எடுக்காதீர்கள். அங்கே எண்ணிக்கையை நீங்களே வெட்டிவிட்டீர்கள். மூலக் கோப்புக்குத் திரும்பிப் போங்கள். ஆய்வகத்தில் நியூஎன் சாயம் வைத்து நியூரான்களைத் தனியாகப் பிரித்தார்களா என்றும் பாருங்கள். பிரித்திருந்தால் நியூரானுக்கும் கிளையாவுக்கும் உள்ள விகிதம் இயற்கையில் உள்ளது அல்ல, பிரித்தவர் வைத்தது.

## 10. எழுதும்போதும் ஒப்படைக்கும்போதும்

"சுண்டெலியிலிருந்து மார்மோசெட், அதிலிருந்து மனிதன்" என்ற ஏணி வாக்கியங்களை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்றும் இன்று வாழும் உயிர்கள். மூன்றும் தத்தம் வழியில் மாறியவை. சுண்டெலியில் ஒன்று இல்லாததற்கு, அது சுண்டெலிக் கிளையில் தொலைந்துபோனது என்பதும் ஒரு விளக்கம்.

செல்லின் வடிவத்தையும் இடத்தையும் பற்றி ஜீன் தரவை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால் இடம்சார் தரவு வேண்டும். ஆலன் தளத்தில் சுண்டெலிக்கு நிறைய உண்டு. வளரும் மனித மூளையின் உடற்கூறைப் பார்க்க, சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட தரணி அட்லஸ் இருக்கிறது. கருவின் மூளையைச் சீவி எடுத்த 5,132 வெட்டுப் படங்கள், செல் அளவு வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். ஜீன் தரவோடு நேரடியாக இணைக்க முடியாது என்றாலும், ஸ்ட்ரையாட்டம் எங்கே, புறணி எங்கே என்று தெரியாமல் அவற்றைப் பற்றி எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் அதில் செலவிடச் சொல்வேன்.

ஒப்படைக்கும் கோப்புறையில் நான்கு இருக்க வேண்டும்: மூன்று உயிரினங்களின் தனித்தனி வகைப்பட்டியல், இணை ஜீன் அட்டவணை என்செம்பல் பதிப்பு எண்ணோடு, விஐபி குடும்பத்தை நீக்கிச் செய்த சோதனையின் விடை, மென்பொருள் ஒவ்வொன்றின் பதிப்பு எண். கடைசியாகச் சொன்னதைத் தட்டச்சு செய்ய வேண்டாம், கணினியே அச்சிட்டுத் தரும். கோலாபில் பதிப்புகள் தாமாகவே மாறிக்கொண்டிருக்கும் என்பதால், முடிவுகளை எடுத்த அன்றே அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.